ஹைட்ராலிக் கிளட்ச் பெடல் மக்கர் பண்ணுதா? புஷ் ராடுல ஸ்பேனர் வைக்கறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

கியர் போடும்போது கரகரன்னு கத்துது, பெடல் வேற ரொம்ப கீழ போய்த்தான் பிடிக்குது, "அண்ணே கிளட்ச்ச கொஞ்சம் ஏத்தி வைங்க"ன்னு சொல்லி வண்டிய விடுறோம், அவரும் டேஷ்போர்டுக்கு கீழ தலைய விட்டு ரெண்டு சுத்து சுத்தி குடுத்துடறார், கொஞ்ச நாள் நல்லா ஓடுது, அப்புறம் மறுபடி அதே கதை, இல்லன்னா புதுசா ஸ்லிப் ஆக ஆரம்பிக்குது. இதுக்கு பாதி காரணம் கேபிள் கிளட்ச் பழக்கம்.

மாருதி 800, ஆல்டோ எல்லாம் கேபிள். அதுல பிளேட் தேயத் தேய பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் கனம் வர்றதுக்கு முன்னாடி பெடல் சும்மா போற தூரம்) குறைஞ்சுகிட்டே வரும், அப்பப்ப நட்ட திருகி விடறது நியாயமான வேலைதான். இன்னோவா மாதிரி ஹைட்ராலிக் கிளட்ச் இருக்கற வண்டில கதையே வேற. பெடல மிதிச்சா புஷ் ராடு மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன தள்ளும், பிரேக் ஆயில் பைப் வழியா போய் கியர் பாக்ஸ் பக்கவாட்டுல இருக்கற ஸ்லேவ் சிலிண்டர் பிஸ்டன தள்ளும், அது ஃபோர்க்குங்கற நெம்புகோல தள்ளும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்க கொண்டு போய் பிரஷர் பிளேட் விரல் மேல அழுத்தும், கிளட்ச் விடும். பிளேட் தேஞ்சா அந்த விரலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா பேரிங் பக்கம் வரும், ஸ்லேவ் பிஸ்டன் அந்த அளவுக்கு உள்ள நகந்துக்கும், மிச்ச ஆயில் டப்பாவுக்கே திரும்பிடும். தேய்மானத்துக்கு அதுவே அட்ஜஸ்ட் ஆயிக்கும். அதனால பிளேட் தேஞ்சா டப்பா லெவல் ஒரு துளி ஏறும், இறங்காது. கிளட்ச்சுக்குன்னு தனி டப்பா இருந்து அது இறங்குதுன்னா எங்கயோ ஒழுகுது.

அப்ப புஷ் ராடுல திரெட்டும் லாக் நட்டும் எதுக்குன்னு கேப்பீங்க. மாஸ்டர் மாத்தினா, பெடல் பிராக்கெட்ட கழட்டி மாட்டினா, இல்ல ஏற்கனவே யாராவது கை வெச்சு கெடுத்திருந்தா, அப்ப அளவு பாத்து வைக்கறதுக்கு. நேத்து வரைக்கும் சரியா இருந்த பெடல் இன்னைக்கு கீழ போச்சுன்னா ராடு நீளம் ராத்திரியோட ராத்திரியா குறைஞ்சிருக்காது, லாக் நட் லூஸ் ஆகி தானா திரும்பினா ஒழிய.

முதல்ல ஸ்பேனர் இல்லாம பாக்க வேண்டியது

ஃப்ளோர் மேட். சிரிக்காதீங்க. கம்பெனி மேட் மேல ரப்பர் மேட், அது மேல ஒரு 7டி மேட்னு அடுக்கி வெச்சிருப்பாங்க, பெடல் கடைசி ரெண்டு சென்டிமீட்டர் போகவே போகாது, கியர் கத்தாம என்ன செய்யும். எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க.

அடுத்து ஆயில் டப்பா. சில வண்டில கிளட்ச்சுக்கு தனி டப்பா, சில வண்டில பிரேக் டப்பாவோட பக்கவாட்டுல இருந்தே ஒரு சின்ன ஹோஸ் கிளட்ச் மாஸ்டருக்குப் போகும். ரெண்டாவது வகைல அந்த ஹோஸ் கொஞ்சம் உயரத்துல இருந்து புறப்படும், கிளட்ச் பக்கம் ஒழுகினாலும் பிரேக்குக்கு ஆயில் மிச்சம் இருக்கணும்னு அப்படி வெச்சிருக்காங்க. அதனால "டப்பால பாதி இருக்கே"ன்னு நினைச்சு விட்டுடாதீங்க, பிரேக்குக்கு அது போதும், கிளட்ச் ஏற்கனவே காத்த குடிச்சுகிட்டிருக்கும்.

மூடிய திறந்தீங்கன்னா உள்பக்கம் இருக்கற ரப்பரையும் பாருங்க. அது உப்பிப் போய் அலை அலையா நெளிஞ்சிருந்தா யாரோ இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊத்தியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம். பிரேக் சிஸ்டம் ரப்பருக்கு பெட்ரோலிய ஆயில் ஆகவே ஆகாது, மூடி ரப்பர் உப்பினா உள்ள மாஸ்டர்ல, ஸ்லேவ்ல ஆயில அடைச்சுப் பிடிக்கற ரப்பர் வாஷரும் உப்பியிருக்கும், அப்ப ரப்பர் சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் மாத்தாம விடிவு இல்ல. ஊத்த வேண்டியது மூடியில போட்டிருக்கற டாட் 3 இல்ல டாட் 4. டாட் 5 சிலிக்கான் ஆயில், இதோட சேராது. டாட் 5.1 பேர்தான் பக்கத்துல இருக்கே தவிர அது கிளைக்கால் வகை, டாட் 4 குடும்பம். எதுவா இருந்தாலும் பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி விட்டு கழுவிடுங்க, பெயின்ட்ட உரிச்சுடும்.

அடுத்து ஈரம் தேடணும். மூணு இடம். ஒண்ணு, காருக்குள்ள பெடலுக்கு மேல புஷ் ராடு ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) உள்ள போற இடம், அங்க ரப்பர் பூட்ட விரலால தடவிப் பாருங்க, வழுவழுன்னு ஈரம் இருந்தா மாஸ்டர் பின் வாஷர் போச்சு. சில சமயம் கார்ப்பெட்ல ஊறி மீன் வாடை மாதிரி ஒண்ணு வரும், ஏசி தண்ணின்னு நினைச்சு விட்டுடுவாங்க. ரெண்டு, ஸ்லேவ் சிலிண்டர். வெளிய பாத்தா காஞ்ச மண்ணா இருக்கும், ஆனா அந்த ரப்பர் பூட்டோட உதட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவரால லேசா தூக்குங்க, உள்ள தேங்கியிருந்த கறுப்பு ஆயில் சொட்டினா அதுதான் திருடன். மூணு, கியர் பாக்ஸும் இன்ஜினும் சேர்ற பெல் ஹவுசிங் அடிப்பக்கம். ஸ்லேவ் உள்ளயே ரிலீஸ் பேரிங்கோட சேந்து இருக்கற வண்டில ஒழுகல் அங்கதான் சொட்டும். இன்ஜின் ஆயிலும் அங்கயே சொட்டும் என்பதால ஒரு வெள்ளைத் துணியில தொட்டுப் பாருங்க, பிரேக் ஆயில் தண்ணியா இருக்கும், தண்ணி விட்டா கரைஞ்சு போயிடும், இன்ஜின் ஆயில் போகாது.

பெடல் பஞ்சு மாதிரி இருக்கு, நாலு தடவை மிதிச்சா மேல வருது

உள்ள காத்து. ஒர்க்‌ஷாப்ல ஏர் லாக்னு சொல்றது இதைத்தான். ஆயில அமுக்க முடியாது, காத்த அமுக்கலாம், அதனால நீங்க மிதிக்கற தூரத்துல பாதி காத்த அமுக்கறதுலயே போயிடுது, ஸ்லேவ் போதுமான அளவு நகரல. இதுக்கு ராட நீட்டினா பெடல் மேல வந்த மாதிரி தெரியும், காத்து உள்ள அப்படியேதான் இருக்கும், மதிய வெயில்ல டிராஃபிக்ல இன்ஜின் சூடு ஏறி அது விரிஞ்சதும் மறுபடி கியர் விழாது.

ஏர் எடுத்தா, அதாவது அந்த காத்த வெளியேத்தினா தீரும் (எப்படின்னு கீழ இருக்கு), ஆனா காத்து எப்படி உள்ள வந்துச்சுன்னு தெரியாம ஏர் எடுத்தா திரும்ப வரும். சமீபத்துல யாரும் லைன கழட்டல, டப்பா காலியாகவும் விடலன்னா ஏதோ ஒரு வாஷர் விட்டிருக்கு. ஸ்லேவ் வாஷர் தேஞ்சா மிதிக்கும்போது ஆயில் வெளிய வரும், விடும்போது காத்து உள்ள போகும், அதனால ரெண்டும் சேந்தேதான் நடக்கும்.

சிக்னல்ல மிதிச்சு வெச்சிருக்கேன், பெடல் தானா இறங்குது, வண்டி நகருது

இது கொஞ்சம் ஏமாத்தற பிரச்சனை, ஏன்னா வெளிய ஒரு சொட்டு ஒழுகாது, லெவல் குறையாது, வேகமா மிதிச்சு கியர் மாத்தும்போது எல்லாம் சரியா இருக்கும், ஃபர்ஸ்ட்ல போட்டு மிதிச்சு நிக்கும்போது மட்டும் பத்து பதினஞ்சு செகண்ட்ல வண்டி மெல்ல முன்னாடி போகப் பாக்கும். மாஸ்டர் சிலிண்டர் முன் வாஷர் தேஞ்சு, அழுத்தத்துல இருக்கற ஆயில் அத தாண்டி பின்னாடி டப்பா பக்கமே திரும்புது. ஆயில் சிஸ்டத்துக்குள்ளயே சுத்தறதாலதான் லெவல் குறையல.

பாக்கறது சுலபம். முன்னாடி யாரும் இல்லாத இடத்துல, ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு, வலது கால் பிரேக்ல, ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்ச முழுசா மிதிச்சு அரை நிமிஷம் அசையாம வெச்சிருங்க. வண்டி முட்ட ஆரம்பிச்சா, அப்ப ஒரு தடவை விட்டு வேகமா மிதிச்சதும் சரியானா, மாஸ்டர்தான். கிட், அதாவது புது வாஷர் செட் போடலாம், ஆனா சிலிண்டர் உள்சுவர் நகத்துல தட்டற அளவுக்கு கோடு விழுந்திருந்தாலோ துரு புள்ளி இருந்தாலோ கிட் போட்டு காச வீணாக்காதீங்க, முழு அசெம்ப்ளி மாத்திடுங்க, என் கணக்குல அதுதான் மலிவு.

பெடல் கீழ போய் ஒட்டிக்கிச்சு, கால வெச்சு தூக்க வேண்டியிருக்கு

திடீர்னு ஆச்சுன்னா பெரும்பாலும் ஆயில் மொத்தமா போயிருக்கும், ஹோஸ் வெடிச்சது இல்ல ஸ்லேவ் பிஸ்டன் வெளிய வந்தது. லெவல பாத்தாலே தெரிஞ்சிடும். மெல்ல மெல்ல இப்படி ஆச்சுன்னா, அதாவது பெடல் திரும்பி வருது ஆனா சோம்பலா வருது, அப்படின்னா உப்பின வாஷர் இல்லன்னா உள்பக்கம் சுருங்கிப் போன ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் வெளிய நல்லா இருந்தாலும் உள் ரப்பர் பிஞ்சு ஒரு வால்வு மாதிரி அடைச்சுக்கும், நீங்க மிதிக்கற வேகத்துக்கு ஆயில் போயிடும், திரும்ப வழி கிடைக்காது. பெடல் திருப்பற ஸ்பிரிங்கையும் ஒரு பார்வை பாருங்க.

கியர் விழல, ரிவர்ஸ் கத்துது, இன்ஜின் ஆஃப்ல எல்லா கியரும் வெண்ணெயா விழுது

கிளட்ச் முழுசா விடல. கியர் பாக்ஸ் மேல பழி போடறதுக்கு முன்னாடி இந்த ஆஃப் பண்ணிப் பாக்கற டெஸ்ட் ரொம்ப உதவும், ஆஃப்லயும் விழலன்னா அது ஷிஃப்டர் கேபிள் இல்ல கியர் பாக்ஸ் விஷயம், பெடல விட்டுடுங்க. ஆஃப்ல விழுது ஓட்டத்துல விழலன்னா காத்தா ஒழுகலான்னு மேல சொன்னதெல்லாம் பாத்து முடிச்சிட்டு, ஸ்லேவ் ராடு எவ்வளவு நகருதுன்னு பாக்கணும். வெளில ஸ்லேவ் இருக்கற வண்டின்னா ஒருத்தர் மிதிக்க ஒருத்தர் கீழ படுத்து ஸ்கேல் வெச்சுப் பாக்கலாம், ஜாக்கிய மட்டும் நம்பி கீழ போகாதீங்க, ஸ்டாண்டு வைங்க. அளவு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல இருக்கும். ஸ்லேவ் அந்த அளவுக்கு முழுசா நகந்தும் கியர் கத்துதுன்னா கோளாறு அதுக்கு அந்தப் பக்கம், வளைஞ்ச ஃபோர்க், தேஞ்ச ஃபோர்க் பால், கோணின பிளேட், இல்ல மாசக்கணக்கா மழையில நின்ன வண்டின்னா ஃப்ளைவீல்ல துருப்பிடிச்சு ஒட்டின பிளேட். புஷ் ராடு அங்க ஒண்ணும் செய்யாது.

நகர்றது குறைவா இருக்கு, காத்தும் இல்ல, ஒழுகலும் இல்லன்னா தூரம் எங்க தொலையுதுன்னு தேடணும். நிறைய பேர் விட்டுடற இடம் கிளெவிஸ் பின். பெடல் கையும் புஷ் ராடும் சேர்ற இடத்துல ஒரு பின் இருக்கும், பழைய வண்டில அந்த ஓட்டை வட்டமா இல்லாம முட்டை வடிவத்துக்கு தேஞ்சிருக்கும், பின்னும் நடுவுல இடுப்பு மாதிரி குழிஞ்சிருக்கும். பெடல் கை நெம்புகோல்தானே, அங்க 1 மி.மீ. தொலைஞ்சா கால் வைக்கற இடத்துல அதைவிட அஞ்சு மடங்கு வாக்குல தொலையும். 2 மி.மீ. ஆட்டம்னா கால்ல 10 மி.மீ. சும்மா போகுது. பெடல கையால மேலயும் கீழயும் லேசா ஆட்டி இன்னொரு கை விரல பின் மேல வெச்சா ஆட்டம் விரல்லயே தெரியும். சின்ன பின்னும் புஷ்ஷும் மாத்தினா பாதி வண்டி அங்கயே சரியாயிடும், கீச்சுன்னு கத்தறதும் நிக்கும். அதோட ஒருத்தர மிதிக்கச் சொல்லிட்டு மாஸ்டர் போல்ட் ஆகியிருக்கற ஃபயர்வால் தகட்டையும் டார்ச் அடிச்சுப் பாருங்க, தகடு விரிசல் விட்டு முன்னாடி வளையுதுன்னா அந்த அளவும் தொலைஞ்சதுதான்.

ரேஸ் ஏறுது, வண்டி ஏறல

ஸ்லிப். நாலாவது கியர்ல 40, 50 வேகத்துல போகும்போது ஆக்ஸிலரேட்டர முழுசா மிதிச்சா ஆர்பிஎம் குபீர்னு ஏறி ஸ்பீடு அசையலன்னா உறுதி. "பிளேட் போச்சு"ன்னு உடனே கியர் பாக்ஸ இறக்கச் சொல்லாதீங்க, ஏன்னா யாராவது ராட நீட்டி வெச்சதாலயும் இதே ஸ்லிப் வரும், அதுதான் இந்த பதிவு எழுதவே காரணம்.

மாஸ்டர் சிலிண்டர்ல டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கு. பெடல் முழுசா மேல வந்தா மட்டும்தான் பிஸ்டன் பின்னாடி போய் அந்த ஓட்டைய திறக்கும். தேய்மானத்துக்கு தானா அட்ஜஸ்ட் ஆகறது, சூட்டுல விரியற ஆயில் திரும்பறது எல்லாம் அந்த வழியாத்தான். ராட நீட்டி ஃப்ரீ பிளேய சுத்தமா எடுத்துட்டா பிஸ்டன் எப்பவும் கொஞ்சம் அமுங்கியே இருக்கும், ஓட்டை மூடியே கிடக்கும். காலைல நல்லா ஓடும், கொல்லிமலை 70 ஹேர்பின்ல பாதி ஏறும்போது ஆயில் சூடாகி விரியும், போக இடம் இல்ல, ஸ்லேவ தள்ளும், நீங்க கால் வைக்காமலே கிளட்ச் பாதி மிதிச்ச நிலையில இருக்கும். கருகின வாடை வரும், பேரிங்கும் ஓயாம சுத்தும். ஆறினா சரியாயிடும், அதனால மெக்கானிக் கிட்ட காட்டும்போது ஒண்ணும் இருக்காது.

கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கு. ஸ்லிப் ஆகிட்டிருக்கும்போதே ஓரமா நிறுத்தி, இன்ஜின ஆஃப் பண்ணிட்டு, ஸ்லேவ்ல இருக்கற ஏர் எடுக்கற நிப்பிள கால் சுத்து திறங்க, சைலன்சர் பக்கம் சூடு, கை பத்திரம். பெடல யாரும் தொடாமலே ஆயில் பீச்சிச்சுன்னா உள்ள அழுத்தம் மாட்டிகிட்டிருந்துச்சு. மூடிட்டு ஓட்டிப் பாருங்க, ஸ்லிப் போயிருந்தா பிளேட் மேல தப்பு இல்ல, புஷ் ராடு நீளம், உப்பின வாஷர், அடைச்ச ஹோஸ் இந்த மூணுல ஒண்ணு. ஆயில் சும்மா கசிஞ்சு நின்னுடுச்சு, ஸ்லிப்பும் அப்படியே இருக்குன்னா பிளேட் தேஞ்சது இல்ல ஆயில் பட்டது, அட்ஜஸ்ட்மென்ட் காப்பாத்தாது.

மத்த சில்லறை

மிதிச்சா சத்தம் வருது விட்டா போகுதுன்னா ரிலீஸ் பேரிங். விட்டா சத்தம், மிதிச்சா போகுதுன்னா கியர் பாக்ஸ் இன்புட் பேரிங். பெடல் கல்லா இருக்குன்னா பிரஷர் பிளேட் பழசு இல்ல ஃபோர்க், பேரிங் ஓடற குழாய் எல்லாம் காய்ஞ்சு போச்சு. கிளட்ச் மிதிச்சும் ஸ்டார்ட் ஆகலன்னா, அதுவும் யாரோ பெடல தொட்ட பிறகுன்னா, பெடல் பக்கத்துல இருக்கற சின்ன சுவிட்ச்ச பெடல் போய் அமுக்கல, அவ்வளவுதான்.

ஏர் எடுக்கறது

நிப்பிள் பெரும்பாலும் 8 இல்ல 10 நம்பர், ரிங் ஸ்பேனர்தான் போடணும், ஓப்பன் ஸ்பேனர் போட்டா முனை மழுங்கிடும். ஒரு டிரான்ஸ்பரன்ட் டியூப மாட்டி அடுத்த முனைய கொஞ்சம் புது ஆயில் இருக்கற பாட்டில்ல முக்குங்க. ஒருத்தர் மெல்ல மிதிச்சு பிடிக்கணும், நீங்க திறக்கணும், குமிழி வரும், மூடணும், அப்புறம்தான் அவர் விடணும். மூடறதுக்கு முன்னாடி விட்டா வந்த காத்து அப்படியே திரும்ப உள்ள போயிடும். இந்த சமயத்துல பெடல் தானா மேல வராது, கையால தூக்கணும். நடுநடுவுல டப்பாவ பாத்து ஊத்திகிட்டே இருங்க, அது காலியானா முதல்ல இருந்து. பழைய மாஸ்டர்னா பெடலுக்கு கீழ ஒரு கட்டை வைங்க, வாஷர் இத்தனை வருஷம் போகாத மூலை வரைக்கும் போனா அங்க இருக்கற துருல கிழிஞ்சுடும், நல்லா இருந்த மாஸ்டர் ஏர் எடுத்த பிறகு ஒழுக ஆரம்பிக்கறது இப்படித்தான்.

எவ்வளவு எடுத்தும் காத்து தீரலன்னா, வெளில இருக்கற ஸ்லேவ கழட்டி, நிப்பிள் மேல பாக்கற மாதிரி பிடிச்சு, பிஸ்டன கையால முழுசா உள்ள அமுக்கி வெச்சு எடுங்க. இல்லன்னா பெரிய சிரிஞ்ச்ல நிப்பிள் வழியா கீழ இருந்து மேல ஆயில ஏத்துங்க, காத்துக்கு மேல போறதுதான் சுபாவம். ஸ்லேவ் வெளிய தொங்கும்போது யாரும் பெடல மிதிக்கக் கூடாது, பிஸ்டன் பறந்துடும்.

இவ்வளவுக்கு அப்புறமும்னா புஷ் ராடு

முதல்ல பெடல் உயரம், அப்புறம் ராடு, இந்த வரிசை முக்கியம். உயரத்த ஸ்டாப்பர் போல்ட்டோ கிளட்ச் சுவிட்ச்சோ தீர்மானிக்கும், அத மேனுவல் அளவுக்கு வெச்சிட்டு ராடுக்கு வாங்க. லாக் நட் பெரும்பாலும் 12 நம்பர், அத லூஸ் பண்ணி ராட விரலாலயே திருகலாம், பிளேயர் போட்டு கவ்வாதீங்க. ராடு நீண்டா ஃப்ரீ பிளே குறையும், பிடிக்கற இடம் மேல வரும். குறைஞ்சா ஃப்ரீ பிளே கூடும், பிடிக்கற இடம் கீழ போகும். சாதாரண 8 மி.மீ. திரெட்டா இருந்தா ஒரு முழு சுத்துக்கு ராடு 1.25 மி.மீ. நகரும், பெடல்ல அது 6 மி.மீ. பக்கம் வரும், அதனால அரை சுத்து அரை சுத்தா போங்க.

பெடல ரெண்டு விரலால மட்டும் அமுக்குங்க. முதல்ல ஒண்ணுமே இல்லாம ஸ்பிரிங்க மட்டும் தள்ற மாதிரி கொஞ்ச தூரம் போகும், ராடு பிஸ்டன தொட்டதும் லேசா ஒரு கனம் தட்டும், அதுதான் புஷ் ராடு பிளே. இன்னும் அமுக்கினா கிளட்ச்சோட நிஜ கனம் வரும், அது வரைக்கும் உள்ள மொத்தம் ஃப்ரீ பிளே. டொயோட்டா மேனுவல்கள்ல பல மாடலுக்கு முதல் அளவு 1 முதல் 5 மி.மீ., மொத்தம் 5 முதல் 15 மி.மீ.ன்னு இருக்கும், உங்க வண்டி அளவ உங்க மேனுவல்லயே பாத்துக்குங்க. முதல் அளவு எந்த வண்டிலயும் சைபரா இருக்கக் கூடாது, அந்த ஓட்டை திறக்கறதுக்கான இடம் அதுதான்.

லாக் நட்ட டைட் பண்ணும்போது ராடு கூடவே திரும்பிடும், டைட் பண்ணின பிறகு மறுபடி அளந்து பாருங்க. சுவிட்ச் பெடல தொடுதான்னும் பாத்துடுங்க. அப்புறம் ஹேண்ட் பிரேக் போட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல பெடல தரையில இருந்து மெல்ல விடுங்க, தரைய விட்டு ஒரு இஞ்சாவது மேல வந்த பிறகுதான் வண்டி பிடிக்க ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னாடியே பிடிக்குது, ஃப்ரீ பிளேயும் அளவுல இருக்குன்னா ராட மேல நீட்டாதீங்க, மறுபடி ஸ்லேவ் நகர்ற அளவுக்குப் போங்க.

அதுலயும் ஒண்ணும் கிடைக்கலன்னா கியர் பாக்ஸ் இறக்கற வேலைதான். இறக்கும்போது பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணையும் சேத்து மாத்திடுங்க, ஸ்லேவ் உள்ள இருக்கற வண்டின்னா அதையும், அது இப்ப ஒழுகாம இருந்தாலும். அந்த ஒரு பார்ட்டுக்காக திரும்ப கியர் பாக்ஸ் இறக்கற கூலி பார்ட் விலையத் தாண்டும்.